இருபத்து நான்கு அடிக் கயிறு

பிப்ரவரி ஏழாம் தேதி, சனிக்கிழமை, காலை எட்டு மணி ஐம்பது நிமிடம். பனி முழுதாக விலகவில்லை. மலைக் கோயிலின் கோபுரம் தெரிந்தது, படிகள் தெரியவில்லை. காற்று இல்லை. திருச்செங்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்து மேடையில், விரித்திருந்த ஜமுக்காளத்துக்கு அடியிலிருந்து இருபத்து நான்கு அடி நீளமுள்ள தேங்காய் நார்க் கயிறு ஒன்றை உருவி எடுத்தேன். என்னை யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

அன்று பத்தரை மணிக்கு அந்த மேடையில் பதினொரு பேர் ஆடுவதாக இருந்தது. அவர்களில் ஏழு பேருக்குப் பார்வை இல்லை, அல்லது பெயருக்குக் கொஞ்சம் இருக்கிறது. ஏழு பேரில் ஒருத்தி என் மனைவி. வயது அறுபத்து மூன்று. வலது கண்ணில் வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. இடது கண்ணில் அதுவும் இல்லை. மேடையின் உயரம் மூன்றரை அடி. டேப் வைத்து நானே அளந்தேன். கல்யாண மேடைக்கு யார் கைப்பிடி வைக்கிறார்கள்? அப்படிப்பட்ட மேடையில், விளிம்பிலிருந்து இரண்டு அடி உள்ளே தள்ளி, ஜமுக்காளத்தின் கீழே கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கயிறு ஓடுகிறது. காலில் தட்டுப்பட்டால் தலைகுப்புறக் கீழே விழ வேண்டியதுதான். மைக் செட்டுக்காரர்கள் ஒயரை மறைப்பதற்காகப் போட்டு மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஒட்டியிருந்த டேப்பைக் கிழித்து, கயிற்றைச் சுருட்டி, ஜமுக்காளத்தைச் சுருக்கமில்லாமல் இழுத்து விட்டேன். குனிந்து வேலை செய்ததில் முழங்கால் வலித்தது. ஆனாலும் மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

முப்பத்து நான்கு வருடம் ஒரு ரிக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். போர் போடும் லாரிகளுக்கு வேண்டிய ராடு, பிட்டு, கேசிங் பைப் எல்லாம் என் நோட்டில் ஏறித்தான் வெளியே போகும், நோட்டில் ஏறித்தான் உள்ளே வரும். ராடு தூக்கி வருகிறவன் தரையைப் பார்க்க மாட்டான். அதனால் தரையில் ஒரு சாக்குத் துண்டு கிடந்தால்கூட நான் சத்தம் போடுவேன். என் காலத்தில் அந்த ஸ்டோரில் கால் தடுக்கி விழுந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் முதலாளி.

மனைவிக்குக் கண் அழுத்த நோய் முற்றியபோது வீட்டையும் ஸ்டோர் மாதிரி ஆக்கினேன். கால்மிதியடிகள் ஐந்து இருந்தன, ஐந்தையும் எடுத்தேன். முக்காலியையும் பூந்தொட்டிகளையும் மாடிக்கு ஏற்றினேன். கொத்தனாரை வரவழைத்து, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த வாசப்படியைப் பெயர்த்துச் சமமாக்கச் சொன்னேன். கொத்தனாருக்கே கை வரவில்லை. “வாசப்படியப் பேக்கறது ஊட்டுக்கு ஆகாதுங்க” என்றார். பெயர்த்தே ஆக வேண்டும் என்றேன். கட்டிலிலிருந்து சமையலறைக்குப் பதினான்கு அடி, அங்கிருந்து குளியலறைக்கு ஒன்பது, குளியலறையிலிருந்து வாசலுக்குப் பதினேழு என்று அவளுக்கு எண்ணிச் சொல்லிக் கொடுத்தேன். அவளும் எண்ணி நடந்தாள். வெளியே போனால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவாள்.

என்னால் சகிக்க முடியாதது அந்த அரை அடிதான். கல்யாணமான புதிதில் அவள் எனக்கு நாலு அடி முன்னால் நடப்பவள். எங்கள் பக்கத்தில் ஆண் முன்னால், பெண் பின்னால் என்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். ஒரு தேர்த் திருவிழாவில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவள் போக, நான் பின்னாலேயே ஓட, எதிரே வந்த அவளுடைய மாமன் நின்று கேட்டார்: “என்னுங்க மாப்ள, அவ கூட்டிக்கிட்டுப் போறாளா, நீங்க தொரத்திக்கிட்டுப் போறீங்களா?” பழைய பஸ் ஸ்டாண்டு முனைக்கு வந்ததும் அவள் சட்டென்று திரும்பி, இடுப்பில் ஒரு கையை வைத்து, நான் வந்து சேரும்வரை நிற்பாள். எத்தனையோ முறை அப்படி நின்றிருக்கிறாள். நான் எண்ணாமல் விட்டவற்றில் அது ஒன்று.

நடனத்தைப் பற்றி அவள் கேள்விப்பட்டது கண் ஆஸ்பத்திரியில். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார வைத்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு அம்மாள் சொன்னார். சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில், கண் தெரியாதவர்களும் தெரிந்தவர்களும் சேர்ந்து நவீன நடனம் ஆடுகிறார்களாம். வயது வரம்பு இல்லையாம்.

“ஏனுங்க, நாம்பளும் போலாமுங்களா?” என்றாள் பஸ்ஸில்.

“உனக்கு அறுபத்தி மூணு, எனக்கு எழுபத்தி ஒண்ணு. ரெண்டையும் கூட்டிப் பாரு புள்ள.”

“நீங்க ஆட வேண்டாமுங்க. உக்காந்து கூட்டிக்கிட்டே இருங்க.”

இப்படித்தான் ஆரம்பித்தது. ஆகஸ்ட்டிலிருந்து ஜனவரிவரை இருபத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். காலை ஏழு ஐந்து பஸ், ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கை. ஆட்டையாம்பட்டியில் முறுக்குக் கூடை ஏறும். ஒரு பொட்டலம் வாங்குவோம். ஒரு பொட்டலத்தில் எட்டு கை முறுக்கு. போகும்போது ஆளுக்கு இரண்டு, வரும்போது ஆளுக்கு இரண்டு. இப்போது அந்தப் பஸ்ஸில் நாங்கள் அதிகம் போவதில்லை. நடன ஆசிரியை வேறு ஊருக்குப் போய்விட்டார், மாதம் ஒருமுறைதான் வருகிறார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு எனக்கு இன்னமும் முறுக்கு வாசனை வருகிறது.

முதல் நாள் அவர்கள் ஆடவே இல்லை. அரை மணி நேரம் தரையில் படுத்துக் கிடந்தார்கள். இதற்கா ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்தோம் என்று நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு சாய்த்து உட்கார்ந்து, ஒருவர் மூச்சை மற்றவர் முதுகால் கவனிக்க வேண்டும் என்றார் ஆசிரியை. அவர் சென்னைப் பெண், முப்பது வயது இருக்கும். பிறகு எழுந்து நின்று, ஒருவர் முழங்கையில் இன்னொருவர் ஒரே ஒரு விரலை வைத்தார். விரல் போகும் பக்கம் கை போனது, கை போகும் பக்கம் தோள் போனது, தோளோடு ஆளே திரும்பினார். கொஞ்ச நேரத்தில் யார் நடத்துகிறார், யார் நடக்கிறார் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கண் தெரிந்த நான்கு பேரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

சுவருக்கு எத்தனை அடி என்று அவளுக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. “இன்னும் ஆறு. இன்னும் நாலு. நில்லு.” ஆசிரியை என்னிடம் வந்தார். “சார், அவங்க உங்க நம்பரைக் கேக்கறாங்க. தரையைக் கேக்க மாட்டேங்கறாங்க. வெளியில உக்காந்து எண்றீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். குழுவில் ஒரு ஆள் உண்டு, பிறவியிலேயே பார்வை இல்லாதவர், ஒரு வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர், நாற்பது வயது. கூட்டத்துக்குக் கிண்டல் சப்ளை அவருடையது. “ஸ்டோர் ஐயா, அப்புடியே எங்க தலையில எத்தன முடி இருக்குதுன்னும் எண்ணிச் சொல்லிப்புடுங்க” என்றார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, “ஐயாவுக்கு முடி இருக்குங்களா, அக்கா?”

“எண்றதுக்குத் தோதாத்தானுங்க இருக்குது.”

அன்றிலிருந்து நான் கூடத்துக்கு வெளியே, வேப்ப மரத்தடியில், மற்ற துணையாட்களோடு உட்கார்ந்தேன். ஒரு பெண்ணின் அப்பா, ஒரு வாலிபரின் அம்மா, இரண்டு அண்ணன்கள், ஒரு மருமகள். நான் ஆறாவது. டெலிபோன் ஆபரேட்டர் மட்டும் தனியாக வந்து தனியாகப் போவார். நாங்கள் குடை, தண்ணீர் பாட்டில், மருந்துப் பை எல்லாவற்றையும் காத்துக்கொண்டு, உள்ளே கேட்கும் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். நான் சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். மற்றவர்களும் பார்ப்பார்கள்.

நிகழ்ச்சிக்கு முந்தைய இரண்டு ஞாயிறும் எனக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அந்த மருமகள் எங்கள் ஊர்தான். அவர் தன் மாமியாரோடு என் மனைவியையும் கூட்டிப்போய் வந்தார். திரும்பி வந்தவளிடம் நான் கேட்டவை: பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா, சொட்டு மருந்து விட்டாயா, வழியில் எங்காவது இடித்ததா. என்ன ஆடினீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அந்த இரண்டு ஞாயிற்றில்தான் அவளுக்கென்று தனியாக மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். மேடையின் பின்சுவரிலிருந்து யாரும் தொடாமல், யாரும் எண்ணாமல், அவள் தனியாக முன்னால் ஓடி வர வேண்டும். எங்கே நிற்பது என்று காலுக்குத் தெரிவதற்காகத்தான் ஜமுக்காளத்துக்கு அடியில் கயிறு. வெறுங்காலில் மிதித்ததும் நின்று திரும்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஏழு பேரும் மண்டபத்துக்கு வந்து, கயிற்றின் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை காலால் தடவி நடந்து பழகியிருக்கிறார்கள். அப்போது நான் மண்டபத்து வாசலில், ஆட்டோக்காரரிடம் மறுநாளைக்கு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமையில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, அதனால்தான் தை மாதத்திலும் மண்டபம் கிடைத்தது. பத்து மணிக்கெல்லாம் நூற்று முப்பது பேர்வரை வந்துவிட்டார்கள். நாற்பது பேர் பார்வையற்ற பிள்ளைகள், பள்ளிக்கூடத்து வேனில் வந்திருந்தார்கள். வேன் பதினொன்றேகாலுக்குத் திரும்பியாக வேண்டும்.

பத்து இருபதுக்கு ஏழு பேரும் கடைசியாக ஒருமுறை மேடையைக் காலால் பார்க்க ஏறினார்கள். டெலிபோன் ஆபரேட்டர்தான் முன்னால். வலது காலை நீட்டித் தரையைத் துழாவினார். ஒரு அடி நகர்ந்தார், மறுபடியும் துழாவினார். அப்புறம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாரும் உக்காருங்க. கயித்தக் காணோம்.”

ஒரு வார்த்தை கேட்காமல் ஏழு பேரும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள். என் மனைவி விளிம்பிலிருந்து ஐந்து அடியில் உட்கார்ந்திருந்தாள். ஆசிரியை ஓடி வந்து ஜமுக்காளத்தைத் தூக்கிப் பார்த்தார். தரையில் டேப்பின் பிசின் மட்டும் இருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இன்னும் பத்து நிமிடம் கழித்து, அந்தக் கயிறு இருக்கிறது என்று நம்பி அவள் ஓடி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நான் முழுதாக நினைத்துப் பார்ப்பதில்லை.

“நான்தானுங்க எடுத்தேன்” என்றேன். “காலுக்குத் தட்டும்னு.”

பிறகு என் மனைவி, திரும்பாமலே, “எங்க ஊட்டுல வாசப்படியவே பேத்துப்போட்டாருங்க. இது கயிறுதானே” என்றாள்.

டெலிபோன் ஆபரேட்டர் சிரித்தார். ஆசிரியை சிரிக்கவில்லை. “கயிறு எங்க சார்?”

கயிற்றைச் சுருட்டி மண்டபத்துக் காவலாளியிடம் கொடுத்திருந்தேன். அவர் அதை மைக் செட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார். மைக் செட்டுக்காரர் காலிப் பெட்டிகளை டெம்போவில் அந்தக் கயிற்றாலேயே கட்டி, அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டார். கடைக்குப் போய் வர இருபது நிமிடம், ஒட்டுவதற்கு இருபது நிமிடம். வேன் போய்விடும்.

ஆசிரியை நெற்றியைத் தேய்த்தார். “அப்ப, தனியா வர்ற பகுதியை விட்டுடலாம். மத்ததெல்லாம் ஒருத்தரை ஒருத்தர் தொட்டுத்தான் இருக்கு, சமாளிச்சுடலாம். அம்மா, உங்க மூணு நிமிஷத்தை இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாமா?”

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் வந்தது. அவள் தனியாக ஓட வேண்டியதில்லை, விழ மாட்டாள், பன்னிரண்டு மணிக்கு ஆட்டோவில் வீட்டுக்குப் போய்விடலாம். அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். கட்டிலிலிருந்து சமையலறைக்குப் பதினான்கு அடி எண்ணும்போது இருக்குமே, அந்த முகம். இரண்டு வாரமாக வீட்டில் அது காணாமல் போயிருந்தது. காணாமல் போனதை நான் கவனித்ததே அது திரும்பி வந்தபோதுதான்.

“இன்னொரு நாள் எல்லாம் வேண்டாமுங்க” என்றாள். “கயித்த எடுத்தவரே கயிறா உக்காரட்டும்.”

“யாரு?”

“நீங்கதானுங்க. அந்த ஓரத்துல உக்காருங்க. எனக்கு முதுகு தட்டுப்பட்டா நிக்கறேன்.”

“இருபத்தி நாலு அடிக்கு நான் ஒருத்தன் எப்புடி?”

“இப்பொ எண்ணுங்க” என்றாள். “வெளியில எத்தன பேரு சும்மா உக்காந்திருக்காங்கன்னு.”

துணையாட்கள் ஆறு பேர். காவலாளியும் சமையல்காரரும் சேர்ந்தால் எட்டு. எட்டுப் பேருக்கு இருபத்து நான்கு அடி, ஆளுக்கு மூன்று அடி. வாழ்நாளில் இவ்வளவு சரியாக வகுபட்ட கணக்கு எனக்கு வேறு அமைந்ததில்லை. எட்டுப் பேரும் மேடை விளிம்பில், கால்களைக் கீழே தொங்கவிட்டு, முதுகை ஆட்டக்காரர்களுக்குக் காட்டி உட்கார்ந்தோம். இடைவெளியை அடைக்கக் கைகளை இரண்டு பக்கமும் ஊன்றி, என் சுண்டுவிரல் காவலாளியின் சுண்டுவிரலைத் தொட்டபடி. அவர் என் காதோடு, “எத்தன நேரமுங்க? அடுப்புல ரசம் இருக்குதுன்னு சமையக்காரரு பொலம்பறாரு” என்றார். இருபத்தெட்டு நிமிடம் என்றேன். டெலிபோன் ஆபரேட்டர் முனையிலிருந்து முனைவரை எங்கள் முதுகுகளைக் காலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். என்னிடம் வந்ததும், “இந்தக் கயிறு கொஞ்சம் எலும்பா இருக்குதுங்க” என்றார்.

பத்து நாற்பதுக்கு ஆட்டம் தொடங்கியது. எனக்கு எதிரே நூற்று முப்பது முகங்கள். பின்னால் துணி உரசும் சத்தம், மூச்சு, பாதம் தரையில் இழுபடும் சத்தம். ஒருவர் மைக்கில், “ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்கிறார்கள். நடுவிலிருப்பவர் மெல்ல உட்காருகிறார்” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒரு சிறுமி, சொல்வதைக் கேட்டுக் கேட்டுத் தன் கையை அப்படியே அசைத்துப் பார்த்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கிடைத்த ஆட்டம் அது.

பதினொன்று ஐந்துக்கு எல்லாச் சத்தமும் அடங்கியது. மைக்கிலும் பேச்சு நின்றது. அவள் பகுதிக்கு விளக்கம் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்களாம். பின்சுவரிலிருந்து காலடி கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. நடை இல்லை, ஓட்டம். நான்கு, ஐந்து. தரையின் அதிர்வு என் இடுப்புக்கு வந்தது. “நில்லு” என்று சொல்ல வாய் திறந்தேன்; பல்லைக் கடித்தேன். ஆறு, ஏழு. எட்டாவது அடி கேட்கவில்லை. என் முதுகில், சட்டையின் நடு மடிப்பில், ஐந்து விரல்கள் மெதுவாகப் பட்டன. பாதம் அங்கேயே மூன்று மூச்சு நேரம் இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு விலகியது. மறுபடியும் தூரத்துக்குப் போனது, மறுபடியும் ஓடி வந்தது. மொத்தம் மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் என்னிடமே வந்தாள்; மற்ற ஏழு முதுகுக்கும் போகவில்லை. எப்படி என்று கேட்டதற்கு, “உங்க மூட்டுவலித் தைல வாசந்தான் அடிக்குதே” என்றாள்.

முடிந்ததும் அந்தச் சிறுமி கைதட்டினாள், மற்றவர்களும் தட்டினார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. சமையல்காரரும் காவலாளியும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கினார்கள்.

ஆட்டோவில் அவள் கேட்டாள். “எப்புடீங்க இருந்துச்சு?”

“நான் எங்க பாத்தேன்? எனக்குத்தான் முதுகுப் பக்கம்.”

“சரி, அப்பொ நான் சொல்றேன், கேளுங்க” என்றாள். சாலை நெடுக ரிக் லாரிகள் நின்றிருந்தன. அவற்றைத் தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். எந்தக் கை முதலில் போனது, தலையை எந்தப் பக்கம் சாய்த்தாள், சேலைத் தலைப்பை எங்கே விட்டாள் என்று. “உங்க முதுகு தட்டுப்பட்டதும் திரும்பி, இடுப்புல கைய வெச்சு நின்னனுங்க. பழைய பஸ் ஸ்டாண்டு முக்குல நிப்பனே, அப்புடி.”

நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

ஆசிரியை நிகழ்ச்சியைத் தன் செல்போனில் எடுத்து அனுப்பியிருந்தார். பதினொரு முறை பார்த்துவிட்டேன். அவள் நின்று திரும்பும் இடம் ஒவ்வொரு முறையும் என் தலைக்குச் சரியாகப் பின்னால் இருக்கிறது. கை போவது தெரிகிறது. இடுப்பில் அமர்வது தெரிவதில்லை. மீண்டும் ஒருமுறை ஆடிக் காட்டு என்று கேட்டேன். “தூரத்துல இருந்து ஓடி வாரதுக்கு இந்த ஊட்டுல எங்கீங்க எடம்?” என்றாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு இரும்புக் கடைக்குக் கிளம்பினேன், குழுவுக்குக் கயிறு வாங்கித் தர வேண்டும் என்று. செருப்பு மாட்டும்போது அவள் உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

“நமக்கும் சேத்து வாங்குங்க. வாசப்படி இருந்த எடத்துல நாலடி, குளியலற முன்னால மூணடி, தெரு வாசல்ல அஞ்சடி. பாய்க்கு அடியில போடோணும். இனிமே நம்பர் வேண்டாமுங்க எனக்கு.”

இருபத்து நான்கும் பன்னிரண்டும் முப்பத்தாறு. முப்பத்தாறு அடித் தேங்காய் நார்க் கயிறு நூற்று எண்பது ரூபாய், டேப் இரண்டு சுருள் தொண்ணூறு ரூபாய். மொத்தம் இருநூற்று எழுபது ரூபாய்.